ஸ்கேல் பிடிக்கிற சோதனை: எனக்கு 0.12 வினாடிதான் வருது, எங்கே தப்பு?

தையக்கடைப் பொண்ணு, ரங்கூன்:
வணக்கம். பத்தாம் வகுப்பு படிக்கிறேன். பிசிக்ஸ் சயாமா (டீச்சர்) வீட்டில் செஞ்சு வரச் சொன்ன சோதனை இது. ஒருத்தர் ஸ்கேலை மேல் நுனியில் பிடிச்சுத் தொங்கவிடணும். இன்னொருத்தர் 0 இருக்கிற இடத்தில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஸ்கேல்ல படாம விரிச்சு வெச்சிருக்கணும். சொல்லாம விடுவாங்க, பிடிக்கணும். விழுந்த தூரத்தை ரெண்டால் பெருக்கி, 9.8-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தா, ஸ்கேல் விழுறதைக் கண்ணு பார்த்துக் கை பிடிக்க ஆகிற நேரம் வந்துடும்.

முதல்ல 1.28 வினாடின்னு வந்துச்சு. சென்டிமீட்டரை மீட்டரா மாத்தாம போட்டிருக்கேன், அதை நானே கண்டுபிடிச்சுட்டேன். மாத்தின பிறகு 8-ல் பிடிச்சா 0.128, 7.5-ல் 0.124, 9-ல் 0.136. சயாமா 0.2 பக்கத்தில் வரும்னாங்க. தம்பி 11-ல் பிடிச்சான், 0.15. தாத்தாவுக்கு 12-ஐயும் தாண்டி நழுவி அவர் கால்மேலயே விழுந்துடுச்சு, அப்புறம் ஒரே கோபம். நாளைக்கு நோட்டு கொடுக்கணும்.

மோல்மேன் அண்ணன்:
தங்கச்சி, 100 மீட்டர் ஓட்டத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டு 0.1 வினாடிக்குள்ள ஒருத்தர் கிளம்பினாலே தப்பான தொடக்கம்னு கணக்கு. அதுவும் காதால் கேட்டு. கண்ணால் பார்த்துச் செய்யறதுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலா ஆகும். அப்போ 0.12 எப்படி? தம்பி "ஒண்ணு, ரெண்டு, மூணு" எண்ணித்தானே விடுறான்?

தையக்கடைப் பொண்ணு:
எண்ணலண்ணா. ஆனா விடுறதுக்கு முன்னாடி நாக்கைக் கடிக்கிறான்! அதைப் பார்த்துட்டு அவன் முகத்தைத் துண்டால மறைச்சும் செஞ்சோம். அப்பவும் 8 தான். விரலோட மேல் ஓரத்தில் அளக்கணுமா, கீழ் ஓரத்திலயா?

பெகு மாமா:
எதுவானாலும் சரிம்மா, தொடங்கும்போதும் பிடிக்கும்போதும் ஒரே ஓரமா இருக்கணும். அதில் ஒரு சென்டிமீட்டர் பிசகினாலும் சயாமா சொன்ன 0.2 வினாடிக்கு வர வேண்டிய 20 சென்டிமீட்டர் பக்கத்தில் நேரம் 0.005 வினாடிதான் மாறும், வர்க்கமூலம் எடுக்கிறோம் இல்லையா. உன் தப்பு அதைவிடப் பெரிசு. வேற எங்கேயோ இருக்கு.

பழைய சயாமா:
நான் தாத்தா கதையிலேயே நின்னுட்டேன். 30 சென்டிமீட்டர் ஸ்கேல்னா 12-க்கு அப்புறம் இன்னும் 18 இருக்கே, அது எப்படி முழுசா நழுவும்? மகளே, ஸ்கேலைத் திருப்பிப் பாரு. நீ படிக்கிற ஓரத்தில் கடைசி எண் என்ன?

தையக்கடைப் பொண்ணு:
ஐயோ. 12.

தெய்ஞ்ஜி சந்தையில் வாங்கின மர ஸ்கேல். ஒரு ஓரம் இஞ்சு, மறு ஓரம் சென்டிமீட்டர். அப்பா தையக்கடைன்றதால் எனக்குக் கண்ணு தானா இஞ்சுப் பக்கம்தான் போகுது. 8 இஞ்சுன்னா 20.3 சென்டிமீட்டர். இப்போ 0.204 வருது! 7.5-க்கு 0.197, 9-க்கு 0.216. தம்பிக்கு 0.239.

மோல்மேன் அண்ணன்:
நம்ம ஊரில் துணியும் மரமும் அடி, இஞ்சுலதான், பள்ளிக்கூடப் புத்தகம் மட்டும் சென்டிமீட்டர். நான் படிச்ச காலத்திலயும் இதே கூத்துதான். நாக்கைக் கடிக்கிறதை நோட்டில் மறக்காம எழுது, சயாமா சிரிப்பாங்க.

தையக்கடைப் பொண்ணு:
எழுதறேன். தாத்தாவுக்கு என்னன்னு போடறது? ஸ்கேல் பத்தல. திரும்பவும் ஆடணும்னு உட்கார்ந்திருக்கார்.

பழைய சயாமா:
ஸ்கேல் முழுசும் நழுவினா 30.5 சென்டிமீட்டர், அதாவது 0.25 வினாடி. அதுக்கு மேல உன் ஸ்கேலால் அளக்க முடியாது. அப்பாகிட்ட கஜக்கோல் இருக்குமே? மூணு அடி, 0.43 வினாடி வரைக்கும் தாங்கும். கனமான கோல்னு யோசிக்காதே, கனமும் லேசும் ஒரே வேகத்தில்தான் விழும், இவ்வளவு குட்டித் தூரத்தில் காற்று ஒண்ணும் செய்யாது. ஆனா கால்மேல விழாம பாரு, அது ஸ்கேல் மாதிரி இருக்காது. முதல் மூணு தடவையைக் கணக்கில் சேர்க்காதே, கை பழகட்டும்.

தையக்கடைப் பொண்ணு:
கீழே தலையணை போட்டுச் செஞ்சோம். கடைசி ஏழு தடவையில் நடு அளவு 14 இஞ்சு, 35.6 சென்டிமீட்டர், 0.27 வினாடி. தாத்தா அப்பாவையும் கூப்பிடச் சொல்றார். கடையில் ஆள் நிக்குறாங்கன்னு அப்பா வரமாட்டேங்கிறார்.