ஸ்பெஷல் ஸ்கூல் முடிச்ச தம்பிக்கு பெங்களூர்ல வேலை, திரும்ப ட்ரெயினிங்லயே சேக்கணுமா?

மர்பிடவுன் அக்கா:
எல்லாருக்கும் வணக்கம். தம்பிக்கு 23 வயசு, மைல்ட் இன்டலெக்சுவல் டிஸெபிலிட்டி (லேசான அறிவுத்திறன் குறைபாடு), சர்டிபிகேட்ல 50 பர்சென்ட், யூடிஐடி கார்டு, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருக்கு. ஸ்பெஷல் ஸ்கூல் 18 வயசோட முடிஞ்சுது, அப்புறம் ஒரு சென்டர்ல பேப்பர் கவர் ஒட்டினான், மெழுகுவர்த்தி பண்ணான், இப்ப அகர்பத்தி கோர்ஸ்ல சேருங்கன்றாங்க. தமிழ் நல்லா பேசுவான், கன்னடம் சமாளிப்பான், இங்கிலீஷ் சுத்தமா வராது. அம்மா தனியா வெளில அனுப்பவே மாட்டேன்றாங்க. இதுல இன்னொன்னு, அப்பா சென்ட்ரல் கவர்மென்ட்ல இருந்தவர், இப்ப அம்மாவுக்கு ஃபேமிலி பென்ஷன் வருது, பின்னாடி அது தம்பிக்கு வரணும், இவன் வேலைக்குப் போனா அது கட் ஆயிடும்னு சொந்தக்காரர் ஒருத்தர் கொளுத்திப் போட்டுட்டுப் போயிட்டார். நெஜமாவே இவனுக்கு வெளில வேலை கிடைக்குமா?

கோச் குமார்:
கிடைக்கும் சிஸ்டர். அகர்பத்தி வேணாம். நான் ஜாப் கோச்சா இருக்கேன். மொதல்ல எல்லாம் கத்துக்கட்டும், ரெடியானதும் அனுப்பலாம்னு சொல்றவங்க அந்த ரெடி எப்பன்னு மட்டும் சொல்லவே மாட்டாங்க. இந்தப் பசங்களுக்கு ஒரு எடத்துல கத்துக்கிட்டத வேற எடத்துல செய்யறதுதான் கஷ்டம், சென்டர்ல டேபிள் தொடைச்சவன் ஹோட்டல்ல போய் முழிப்பான். அதனால வேலை செய்யப்போற எடத்துலயே வெச்சு சொல்லிக்குடுக்கணும், சப்போர்ட்டட் எம்ப்ளாய்மென்ட்னு சொல்றது இததான்.

ஒரு பையன துணிக்கடை குடோன்ல சேத்தோம், அவனுக்கு எழுத்து படிக்க வராது. சைஸுக்கு ஒரு கலர் ஸ்டிக்கர், ரேக்குலயும் அதே கலர் டேப், அவ்ளோதான் செஞ்சோம். மொதல்ல பக்கத்துலயே நின்னேன், அப்புறம் ரேக்குக்குப் பின்னாடி, அப்புறம் கேன்டீன்ல போய் உக்காந்துட்டேன். வேலை பிரமாதமா செஞ்சான், மாட்டினது லஞ்ச் டைம்ல. மணி பாக்கத் தெரியாது, எல்லாரும் எழுந்து போனப்புறமும் இவன் மட்டும் மடிச்சுக்கிட்டே இருப்பான். பக்கத்து ரேக் பொண்ணுகிட்ட "போறப்ப இவனுக்கும் ஒரு கொரல் குடும்மா"ன்னு சொல்லி வெச்சேன், இப்ப அந்த செட்டோடதான் சாப்பிடறான்.

உங்களுக்குக் கிட்டன்னா லிங்கராஜபுரத்துல ஏபிடின்னு மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்பு, 1959லேருந்து இருக்காங்க. செடி கொடி புடிக்கும்னா ஜீவன்பீமா நகர்ல அவங்க ஹார்ட்டிகல்ச்சர் சென்டர் இருக்கு. எனேபிள் இந்தியான்னு இதே மாதிரி இன்னொரு அமைப்பு, அதையும் பாருங்க. எங்க போனாலும் வேலைல சேந்தப்புறம் எத்தன மாசம் வந்து பாப்பீங்கன்னு கேளுங்க, மழுப்பினா கெளம்பிடுங்க.

ஸ்ரீராம்புரம் பையன்:
கவர்மென்ட் வேலைல மாற்றுத்திறனாளிகளுக்கு 4% கோட்டா இருக்கே, அதுக்கு ட்ரை பண்ணலாமே?

கோச் குமார்:
ப்ரோ, 2016 சட்டத்துல அந்த 4%ல இவங்க பங்கு 1%தான், அதையும் ஆட்டிசம், லேர்னிங் டிஸெபிலிட்டி, மனநோய், ஒன்னுக்கு மேல குறைபாடுன்னு எல்லாரும் பங்கு போட்டுக்கணும், எக்ஸாம் வேற. அப்ளை பண்ணட்டும், ஆனா அத நம்பி வீட்ல உக்கார வேணாம்.

லட்சுமி ஆன்ட்டி:
அம்மாவ கோச்சுக்காதம்மா, என் பொண்ணும் இப்படித்தான், எனக்கும் வயித்துல புளியக் கரைச்சுது. பஸ்ஸ விட மெட்ரோல ஆரம்பி, அல்சூர் ஸ்டேஷன் இருக்கு, பர்ப்பிள் லைன், எத்தன ஸ்டாப்புன்னு எண்ணக் கத்துக்குடுத்தா போதும். எந்தப் பக்கத்து ட்ரெயின்ங்கறது ஒன்னுதான் குழப்பும், அதுக்கு நான் பிளாட்ஃபார்ம ஃபோட்டோ எடுத்து அவ ஃபோன்ல மொத படமா வெச்சேன். மொதல்ல கூடவே உக்காந்து போனேன், அப்புறம் அதே பெட்டில தூரமா நின்னேன், அப்புறம் அவ ஏறினப்புறம் அடுத்த ட்ரெயின்ல நான். வழி மாறிப்போனா என்ன பண்ணணும்னு பழக்கணும், அதுக்காக வேணும்னே ஒருநாள் தப்பான ஸ்டாப்ல எறக்கிவிட்டேன், செக்யூரிட்டிகிட்ட போய் கார்ட நீட்டினா. யாராவது தொட்டா கத்தணும், வந்து வீட்ல சொல்லணும்னும் சொல்லிக்குடு, இது பசங்களுக்கும்தான், யாரும் சொல்லிக்குடுக்கறதில்ல.

ரிட்டயர்ட் மாமா:
அந்த சொந்தக்காரருக்கு ரூல் தெரியாதும்மா. நான் பென்ஷன் செக்ஷன்ல இருந்தவன். 2021ல மாத்திட்டாங்க. ஊனமுள்ள பிள்ளையோட மத்த வருமானம், அப்பா கடைசியா வாங்கின சம்பளத்துல 30%, அதோட டிஆர் (பென்ஷனுக்கான அகவிலைப்படி), இதுக்குக் கம்மியா இருந்தா ஆயுசு பூரா ஃபேமிலி பென்ஷன் உண்டு. கடைசி சம்பளம் 50,000ன்னா 15,000, அதுக்கு மேல டிஆர் வேற சேரும். நம்ம பசங்களுக்கு ஆரம்பத்துல கிடைக்கற சம்பளம் பெரும்பாலும் அதுக்குள்ளதான். அம்மா நல்லா இருக்கறப்பவே தம்பி பேர பிபிஓல, அதாவது பென்ஷன் ஆர்டர்ல ஏத்திடுங்க, பின்னாடி அலைய வேணாம். 18 தாண்டிட்டதால கார்டியன்ஷிப்பும் (சட்டப்படி காப்பாளர் உரிமை), நேஷனல் ட்ரஸ்ட் சட்டத்துல லோக்கல் லெவல் கமிட்டிகிட்ட வாங்கணும், டிசி ஆபீஸ்ல, அதாவது கலெக்டர் ஆபீஸ்ல விசாரிங்க. இவங்களுக்கான நிராமயா ஹெல்த் இன்ஷூரன்ஸும் எடுங்க, 1 லட்சம் வரைக்கும் கவர்.

மர்பிடவுன் அக்கா:
மாமா, ரொம்ப நன்றி, அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன், பாதி எறங்கி வந்திருக்காங்க. குமார் அண்ணா, தம்பிகிட்ட துணிக்கடை போறியான்னா வேணாமாம், பேக்கரின்றான். இத்தன வருஷமா எந்த சென்டர்லயும் என்ன புடிக்கும்னு இவன கேட்டதே இல்ல. அல்சூர் இந்திராநகர் பக்கம் ஏதாவது இருக்கா?

கோச் குமார்:
பேக்கரின்னா விடியக்காலைலயே ஷிஃப்ட் இருக்கும், மெட்ரோ ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கூப்பிடுவாங்க, பேக்கிங் சைடுனா பகல்ல வரும். சூடு, ஓவன் பக்கம் பயப்படுவானான்னு பாத்துட்டு இன்பாக்ஸ்ல சொல்லுங்க. தம்பிய நேர்ல கூட்டிட்டு வாங்க, நீங்க மட்டும் வராதீங்க.