ரே லாமான்டெய்னும் அவருடைய குழுவும்: 2010ஆம் ஆண்டுத் தொகுப்பைச் சந்தித்த கதைகள்

தொடங்கி வைத்தவர்:

அமெரிக்கப் பாடகர் ரே லாமான்டெய்னின் நான்காவது இசைத்தொகுப்பான 'காட் வில்லின் அண்ட் த கிரீக் டோன்ட் ரைஸ்' 2010 ஆகஸ்டில் வெளிவந்தபோது, பாட்டைக் கேட்பதற்கு முன்பே ஒரு சொல் என்னைத் தடுத்து நிறுத்தியது. முந்தைய மூன்று தொகுப்புகளும் அவர் பெயரில் மட்டுமே வந்திருந்தன. இம்முறை 'பரையா டாக்ஸ்' என்ற குழுவின் பெயரும் உடன் இருந்தது. தமிழ் தெரிந்த எவரும் அந்தப் பெயரைச் சாதாரணமாகக் கடந்துவிட முடியாது. பறை முழக்கியவர்களைக் குறித்த நம் சொல் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்துக்குள் போய், அங்கே 'ஊரால் ஒதுக்கப்பட்டவன்' என்று பொருள் திரிந்து, பிறகு இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்கள் தெருநாய்க்கு வைத்த பெயரிலும் ஒட்டிக்கொண்டது. ஒரு ராக் குழு தன்னை நாதியற்ற கூட்டமாகக் காட்டிக்கொள்ள அந்தப் பெயரைச் சூட்டிக்கொள்வது அமெரிக்காவில் யாருக்கும் உறுத்தாது. எனக்கு உறுத்தியது, இன்றும் உறுத்துகிறது.

அந்த எரிச்சலோடுதான் முதல் பாட்டை ஓடவிட்டேன். ஜே பெல்லரோஸின் டிரம்ஸ் நுழைந்த விதத்தில் எரிச்சல் பாதி கரைந்துவிட்டது. காலில் கிலுகிலுப்பைகளைக் கட்டிக்கொண்டு வாசிக்கும் பழக்கம் உள்ளவர் அவர். அடிக்கு நடுவே ஏதோ சலசலக்கிறது என்று தோன்றினால் பெரும்பாலும் அதுதான் காரணம். லாமான்டெய்னின் குரலோ, தொண்டையில் சாம்பல் படிந்ததைப் போன்ற ஒரு கரகரப்பு. அதுவரை அந்தக் குரலைச் சுற்றி எப்போதும் ஒரு வெற்றிடம் இருக்கும், இங்கே அந்த இடத்தில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் ஒவ்வொருவரும் இந்தத் தொகுப்பை எங்கே, எப்படிச் சந்தித்தீர்கள் என்பதை எழுத வேண்டுகிறேன்.

மாசச்சூசெட்ஸில் சில ஆண்டுகள் இருந்தவர்:

நான் அப்போது ஸ்பிரிங்ஃபீல்டில் வேலை பார்த்தேன். விடுமுறை நாள்களில் வடமேற்கே மலையூர்ப் பக்கம் காரை எடுத்துக்கொண்டு போவது வழக்கம். அந்தப் பாதையில் வரும் ஆஷ்ஃபீல்ட் என்ற சிற்றூரில்தான் லாமான்டெய்னின் பண்ணை வீடு இருக்கிறது என்பதும், இந்தத் தொகுப்பு முழுவதையும் அந்த வீட்டிலேயே பதிவு செய்தார் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முதல் மூன்று தொகுப்புகளையும் தயாரித்தவர் ஈதன் ஜான்ஸ். இதை லாமான்டெய்ன் தானே தயாரித்தார். மேடையில் நாலு வார்த்தை பேசவே கூச்சப்படுகிறவர் என்று பெயர் எடுத்த ஒருவர், வாத்தியக்காரர்களைத் தம் வீட்டுக்கே அழைத்து உட்கார வைத்திருக்கிறார் என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

தொகுப்பின் தலைப்பு எனக்கு நெடுநாள் புரியாமல் இருந்தது. மார்ச் மாதக் கடைசியில், பனி உருகி ஓடைகள் எல்லாம் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்த ஒரு நாளில், நாங்கள் குடியிருந்த வீட்டின் உரிமையாளரான முதிய பெண்மணியிடம், "ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வருவீர்களா?" என்று கேட்டேன். "கடவுள் மனம் வைத்து, ஓடையும் பெருகாமல் இருந்தால் வருவேன்" என்று அவர் சொன்னதும், அது தலைப்பில் உள்ள அதே தொடர் என்பது எனக்குச் சட்டென்று விளங்கியது. ஓடையைத் தாண்டினால்தான் ஊர் என்று வாழ்ந்த அமெரிக்க நாட்டுப்புறத்து மக்களின் வழக்கு அது. வருகிறேன் என்ற வாக்கும், வர முடியாமல் போகலாம் என்ற எச்சரிக்கையும் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன. காவிரிக்கரையில் வளர்ந்த எனக்கு, ஆற்றில் வெள்ளம் வந்து கல்யாணத்துக்குப் போக முடியாமல் போன கதைகள் எத்தனையோ தெரியும். இப்படி ஒரு சொல்வழக்கு நம்மிடம் இல்லாமல் போனதே என்று அன்று நினைத்துக்கொண்டேன். அந்த அம்மையார் ஞாயிற்றுக்கிழமை வந்தார். சாம்பாரைக் கிண்ணத்தில் ஊற்றி சூப்பைப் போலக் குடித்தார் என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

கிடார் கற்பிப்பவர்:

எல்லோரும் புகழ்வதால் ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்ல அனுமதியுங்கள், நண்பர்களே. முதல் பாட்டு நன்றாக வாசிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அது இந்தத் தொகுப்பின் வாசலில் நிற்க வேண்டிய பாட்டு அன்று. துள்ளலும் அதட்டலுமான அந்த ஃபங்க் தாளத்தைக் கேட்டுவிட்டு உள்ளே போகிறவருக்கு, அடுத்து வரும் பாட்டுகளின் அமைதி ஏமாற்றமாகத் தோன்றலாம். என் மாணவர்களுக்கு நான் இரண்டாவது பாட்டிலிருந்துதான் போட்டுக் காட்டுவேன்.

காரணம் பெடல் ஸ்டீல். கால்கள் வைத்த ஒரு மேசையைப் போலக் கிடக்கும் அந்தக் கருவியில் பெரும்பாலும் பத்துத் தந்திகள் இருக்கும். இடக்கையில் பிடித்த உலோக உருளை தந்தியின் மேல் வழுக்கிப் போகும்; பாதத்தால் மிதிகளை அழுத்தியும் முழங்காலால் நெம்புகோல்களைத் தள்ளியும், ஒலித்துக்கொண்டிருக்கும் சுருதிகளில் ஒன்றை மட்டும் மேலேயோ கீழேயோ இழுத்துவிடலாம், மற்றவை அசையாமல் நிற்கும். சித்திரவீணையில் கட்டை வழுக்குவதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு அந்த இழைவு அந்நியமாக இருக்காது. இந்தக் குழுவில் கிரெக் லீஸ், எரிக் ஹேவுட் என அதில் தேர்ந்தவர்கள் இருவர் இருந்தார்கள். லீஸ் கனடியப் பாடகி கே. டி. லாங்குடனும், ஹேவுட் சன் வோல்ட் குழுவுடனும் வாசித்தவர்கள். அப்படிப்பட்ட இருவரை வைத்துக்கொண்டு ஒரு பாட்டைக்கூட அவர்களுடைய திறமைக் காட்சியாக மாற்றாமல், குரல் மூச்சு வாங்கும் இடத்தில் மட்டும் வந்து போகவைத்த கட்டுப்பாட்டைத்தான் நான் மாணவர்களுக்குச் சுட்டிக்காட்டுவேன். ஜெனிஃபர் காண்டோஸின் பேஸ் கிடார், பேட்ரிக் வாரனின் கீபோர்டு ஆகிய இரண்டும் இருப்பதே தெரியாது; நிறுத்திவிட்டால்தான் தெரியும்.

மேடையில் பார்த்தவர்:

ஆங்கிலப் பாடகர் டேவிட் கிரேயுடன் சேர்ந்து லாமான்டெய்ன் சுற்றுப்பயணம் செய்த 2010இல் ஒரு திறந்தவெளி அரங்கில் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு பாடினார், இரண்டு பாட்டுக்கு நடுவே ஏறக்குறைய எதுவும் பேசவில்லை. எனக்குப் பின்வரிசையில் இருந்த ஒருவர், "ஏதாவது பேசப்பா!" என்று கத்திக்கொண்டே இருந்தார். லாமான்டெய்ன் அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் செருப்புத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தவர், விடியற்காலை நான்கு மணிக்கு அலாரம் வானொலியில் பாடகர் ஸ்டீஃபன் ஸ்டில்ஸின் பாட்டு ஒன்றைக் கேட்டு, அன்று வேலைக்கே போகாமல் இசைக்குத் திரும்பியவர் என்ற கதையை அந்த மனிதரிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை, எங்கள் இருவருக்குமே பாட்டு கெட்டிருக்கும்.

தொடங்கி வைத்தவர்:

அனைவருக்கும் நன்றி. இந்தத் தொகுப்பு 2011இல் சிறந்த சமகால நாட்டார் இசைத்தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றது. அந்தப் பிரிவில் வழங்கப்பட்ட கடைசி விருது அதுதான், மறு ஆண்டே அதை மரபு நாட்டார் பிரிவோடு இணைத்துவிட்டார்கள். கிடார் ஆசிரியர் ஐயா சொன்னதை ஏற்று இரண்டாவது பாட்டிலிருந்து கேட்டுப் பார்த்தேன். தொகுப்பு இன்னும் ஒழுங்காக இருக்கிறது, ஆனால் முதல் பாட்டைத் தவிர்க்க எனக்கு மனம் வரவில்லை.

அதற்கு ஒரு காரணம் உண்டு. பறையிசைக் குழு ஒன்றில் வாசிக்கும் என் நண்பன் சென்ற பொங்கலுக்கு வீட்டுக்கு வந்திருந்தான். ஒன்றும் சொல்லாமல் அந்தப் பாட்டைப் போட்டேன். கால் நிமிடம் கேட்டுவிட்டு, கையில் இருந்த காபி டம்ளரைக் கீழே வைத்து, மேசை விளிம்பில் விரலால் கூடவே அடிக்கத் தொடங்கினான். பாட்டு முடியும்வரை நிறுத்தவில்லை. பிறகு, "யாருடா இது, குழுவோட பேர் என்ன?" என்று கேட்டான். டிரம்ஸ் வாசிக்கிறவரின் பெயரை மட்டும் சொன்னேன்.