மாவுச்சத்தை நிறுத்தியதும் குறைந்த எடை கொழுப்புதானா?

கேள்வி:
வணக்கம். ஒரு கிராம் மாவுச்சத்தும் ஒரு கிராம் புரதமும் தலா 4 கலோரி தருகின்றன, ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தருகிறது என்று படித்தேன். அப்படியானால் மொத்தக் கலோரியை மட்டும் கணக்கில் வைத்துக்கொண்டு, அது எதிலிருந்து வருகிறது என்பதைக் கவனிக்காமல் விட்டுவிடலாமா? எடையைக் குறைக்க எண்ணி மாவுச்சத்தை ஏறக்குறைய முழுவதுமாக நிறுத்தியிருக்கிறேன். ஐந்தே நாட்களில் இரண்டு கிலோ குறைந்துவிட்டது. கொழுப்பு இவ்வளவு விரைவில் கரையுமா?

பதில் 1:
கரையாது. உடலிலுள்ள ஒரு கிலோ கொழுப்புத் திசுவில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருப்பதாகக் கொள்வது வழக்கம். அந்தக் கணக்கின்படி இரண்டு கிலோ கொழுப்பை ஐந்து நாட்களில் இழக்க, நாளொன்றுக்கு 3,000 கலோரிக்கு மேல் பற்றாக்குறை ஏற்பட வேண்டும். பலருக்கு ஒரு நாளின் மொத்தச் செலவே அவ்வளவு இராது.

குறைந்தது பெரும்பாலும் நீர்தான். நாம் உண்ணும் மாவுச்சத்து குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. உடனடித் தேவைக்குப் போக எஞ்சியதில் ஒரு பகுதி கிளைக்கோஜனாகக் கல்லீரலில் சுமார் 100 கிராமும் தசைகளில் சுமார் 400 கிராமும் சேமிக்கப்படுகிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைத் தன்னோடு பிடித்து வைத்திருப்பதால், மாவுச்சத்து நின்று இந்தச் சேமிப்பு கரையும்போது அந்த நீரும் சிறுநீராக வெளியேறிவிடுகிறது. மீண்டும் மாவுச்சத்து உண்ணத் தொடங்கினால் எடை திரும்பும். அதைக் கண்டு கொழுப்பு ஏறிவிட்டதென்று கலங்க வேண்டாம்.

பதில் 2:
முதல் கேள்விக்கு வருகிறேன். கலோரி என்பது எரிபொருளின் அளவை மட்டுமே சொல்லும். புரதமோ முதன்மையாகக் கட்டுமானப் பொருள். தசை, நொதிகள், நோய் எதிர்ப்புப் பொருட்கள் ஆகியவற்றை அமைக்கும், புரதத்தின் அடிப்படை அலகுகளான இருபது அமினோ அமிலங்களுள் ஒன்பதை உடலால் தேவையான அளவுக்கு உருவாக்கிக்கொள்ள இயலாது என்பதால், அவை உணவிலிருந்தே வந்தாக வேண்டும். கொழுப்பைச் சேர்த்து வைப்பது போலப் புரதத்தைச் சேர்த்து வைக்க உடலில் தனிக் கிடங்கும் இல்லை. மாவுச்சத்தோடு புரதமும் குறைந்துபோனால், மூளைக்கு வேண்டிய குளுக்கோஸைத் தயாரிக்க உடல் தசைப் புரதத்தைச் சிதைக்கத் தொடங்கும். (நாட்கள் செல்லச் செல்ல, கொழுப்பிலிருந்து உண்டாகும் கீட்டோன்கள் மூளையின் தேவையில் பெரும்பங்கை ஏற்கும், ஆயினும் குளுக்கோஸ் தேவை முற்றிலும் நீங்குவதில்லை.)

ஆரோக்கியமான பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 48 கிராம். பலர் இதை உச்ச வரம்பாகப் புரிந்துகொள்கிறார்கள். உண்மையில் இது பற்றாக்குறையைத் தவிர்ப்பதற்கான அளவு. எடையைக் குறைக்கும்போது தசை இழப்பைக் கட்டுப்படுத்த இதைவிடக் கூடுதலாகவே தேவைப்படும்.

பதில் 3:
கொழுப்பையும் வெறும் கலோரியாகப் பார்க்கலாகாது. லினோலிக் அமிலம், ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் ஆகிய இரண்டு கொழுப்பு அமிலங்களும் உணவிலிருந்து கிடைத்தே தீர வேண்டியவை. ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உட்கிரகிக்கப்படவும் கொழுப்பு வேண்டும். எனினும் நிறைவுற்ற கொழுப்பு (நெய், வெண்ணெய் போன்றவற்றில் மிகுந்திருப்பது) மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது உலகச் சுகாதார அமைப்பின் பரிந்துரை.

ஒன்று கேட்க வேண்டும்: தாங்கள் சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவரா? அப்படியானால், மருந்தின் அளவை மருத்துவர் மாற்றித் தராமல் மாவுச்சத்தை இவ்வாறு நிறுத்துவது இரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்திவிடக்கூடும்.

கேள்வி கேட்டவர்:
மருந்து எதுவும் எடுப்பதில்லை. ஆனால் மாவுச்சத்தோடு முழுத்தானியம், பழம் ஆகியவற்றையும் விட்டதால் நார்ச்சத்து குறைந்து மலச்சிக்கல் வந்திருக்கிறது. நாளை முதல் அவற்றை மீண்டும் சேர்த்துக்கொண்டு, இனிப்பை மட்டும் விலக்கப் போகிறேன். இரண்டு கிலோ திரும்பினால் நீர் என்றே எடுத்துக்கொள்வேன்.