எல்லாக் கோப்புக்கும் ஒரே தேதி: உங்களுக்கு நடந்திருக்கிறதா?

புது மடிக்கணினி வந்த அன்று ராத்திரி க்ளவுட் கணக்கைத் திறந்து சிங்க் (க்ளவுடிலும் கணினியிலும் கோப்புகளை ஒன்றுபோல வைப்பது) போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால் பத்து வருஷ வேலை மொத்தமும் இறங்கியிருந்தது. ஒன்றும் தொலையவில்லை. ஆனால் 'மாற்றப்பட்ட தேதி' என்ற இடத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே தேதி!

நான் மொழிபெயர்ப்பு செய்பவன். ஒரே புத்தகத்துக்கு 'இறுதி', 'இறுதி திருத்தியது', 'இதுதான் இறுதி' என்று மூன்று கோப்பு வைத்திருக்கும் ரகம். எது கடைசி என்பதற்கு அந்தத் தேதி ஒன்றுதான் எனக்குச் சாட்சி. குத்துமதிப்பாக ஒன்றை எடுத்துப் பதிப்பாளருக்கு அனுப்பினேன். பழையது. அவர் இரண்டு நாள் அதில் திருத்தம் போட்ட பிறகுதான் தெரிந்தது.

அப்புறம் தோண்டிப் பார்த்தேன். அந்தத் தேதி நாம் எப்போது எழுதினோம் என்று சொல்வதில்லை. அந்த வட்டில் அந்தக் கோப்பு கடைசியாக எப்போது எழுதப்பட்டது என்றுதான் சொல்கிறது. இறக்கி முடித்ததும் பழைய தேதியைத் திரும்பப் போட வேண்டியது சிங்க் செயலியின் வேலை. எல்லாச் செயலியும் செய்வதில்லை. சில சமயம் சிக்கல் சர்வரிலேயே இருக்கும். இணையம் வழியாகக் கோப்புகளைப் பரிமாறும் வெப்டாவ் நெறிமுறையில் கோப்பின் பழைய தேதியைச் சேர்த்து அனுப்பப் பொதுவான வழியே கிடையாது. நெக்ஸ்ட்கிளவுட் போன்ற க்ளவுட் மென்பொருள்கள் அதற்கென்று தனி ஏற்பாடு வைத்திருக்கின்றன.

என்னைக் காப்பாற்றியது வேர்ட் கோப்பின் உள்ளே இருந்த தேதி. டாக்எக்ஸ் என்ற வேர்ட் கோப்பு வடிவம் உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம்தான், பல சிறு கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டியது. கடைசியாகச் சேமித்த நேரம் அதற்குள்ளேயே பதிவாகியிருக்கும். சிங்க் அதைத் தொடாது. வேர்டில் திறந்து கோப்பு விவரங்களைப் பார்த்தால் தெரியும். சந்தேகம் வந்த கோப்புகளை இப்படி ஒவ்வொன்றாகத் திறந்து சரிபார்த்தேன். எரிச்சலான வேலை.

— — —

எனக்கும் இது நடந்தது, புகைப்படங்களில். படம் எடுத்த நேரம் எக்ஸிஃப் தகவலாகப் படத்துக்குள்ளேயே இருப்பதால், எக்ஸிஃப்டூல் என்ற கருவியைக் கொண்டு அதையே கோப்பின் தேதியாக மாற்றிவிடலாம். ஒரே கட்டளைதான். செய்தேன், எல்லாம் சரியானது. ஆனால் சிங்கை நிறுத்தாமல் செய்துவிட்டேன்! தேதி மாறினாலே கோப்பு மாறிவிட்டது என்று நினைக்கும் செயலி அது. மொத்த ஆல்பமும் மறுபடி ஏறத் தொடங்கியது. இன்னொரு கணினியும் அப்போது ஓடிக்கொண்டிருந்ததால் 'முரண்பட்ட நகல்' என்று இரட்டை இரட்டையாக முளைத்தன. அதைக் களையெடுக்க ஒரு வாரம். எல்லாக் கணினியிலும் சிங்கை நிறுத்திவிட்டுத்தான் தேதியில் கைவைக்க வேண்டும்.

அரட்டைச் செயலி வழியாக வந்த படங்களில் பெரும்பாலும் எக்ஸிஃப் இருக்காது. அவற்றை விட்டுவிட்டேன்.

— — —

ஃபோல்டர் தேதியை யாரும் நம்ப வேண்டாம். உள்ளே ஏதாவது சேர்ந்தால், நீங்கினால், பெயர் மாறினால்தான் அது மாறும். உள்ளிருக்கும் கோப்பை நாள் முழுக்கத் திருத்தி அதே பெயரில் சேமித்தாலும் மாறாமல் இருக்கலாம். மேக் தானாக எழுதும் ஒரு மறைகோப்பு போதும், ஃபோல்டர் இன்று மாறியதாகக் காட்ட.

— — —

கணினி மாற்றும்போது நான் க்ளவுடிலிருந்து இறக்குவதே இல்லை. பழைய கணினியிலிருந்து வெளிவட்டுக்கு, அங்கிருந்து புதியதற்கு. நகலெடுக்கும் கருவி விண்டோஸில் ரோபோகாப்பி, லினக்ஸில் ஆர்சிங்க். ஆர்சிங்க்குக்கு 'ஏ' விருப்பத்தைக் கொடுத்தால் தேதி அப்படியே வரும். பிறகு அந்த ஃபோல்டரைச் சிங்கில் சேர்ப்பேன். ஒன்று கவனியுங்கள்: ஃபேட் என்ற பழைய கோப்பு முறையில் அமைத்த பென்டிரைவ் நேரத்தை 2 விநாடி இடைவெளியில்தான் குறிக்கும். அதனால் ஒப்பிடும்போது மாறாத கோப்பும் மாறியதாகத் தோன்றும். இரண்டு கருவியிலும் இதைப் பொறுத்துக்கொள்ளத் தனி விருப்பம் உண்டு.

விண்டோஸில் சாதாரணமாகக் காப்பி-பேஸ்ட் செய்து நகலெடுத்த கோப்பு, மாற்றப்பட்ட பிறகு உருவாக்கப்பட்டது போலக் காட்டும். அது பிழை இல்லை. 'உருவான தேதி' அந்த நகலுடையது.

— — —

முதலில் எழுதியவன்தான். வெளிவட்டு யோசனை அருமை, எனக்கு அன்று தோன்றவில்லை. இப்போது கோப்புப் பெயரின் தொடக்கத்திலேயே ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியை எழுதிவிடுகிறேன். பெயர்வாரியாக அடுக்கினாலே காலவரிசை வந்துவிடும். புதுச் சேவை எதற்கும் மாறுமுன் ஒரே ஒரு பழைய கோப்பை ஏற்றி, வேறு கணினியில் இறக்கித் தேதியைப் பார்க்கிறேன். போன மாதம் ஒன்று இதில் தோற்றது. அன்றே கணக்கை மூடிவிட்டேன்.