நினைவைச் சொல்பவருக்கு ஒரு சொல் வேண்டும்

மடல் 1

குழுமத்தாருக்கு வணக்கம். வாய்மொழி வரலாறும் மரபுப் பதிவும் செய்து தரும் ஆலோசகர் நான். எந்த நிறுவனத்திலும் இல்லை, ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் ஓடும் பிழைப்பு. நாளை மறுநாள் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு சொல்தான் பாக்கி. எதிரே உட்கார்ந்து தன் வாழ்க்கையைச் சொல்கிறாரே, அவரை என்னவென்று எழுதுவது?

நாட்டார் வழக்காற்றியலில் 'தகவலாளி' என்பார்கள். போன முறை அதைப் பார்த்த ஒரு பெரியவர் "போலீஸுக்கா அம்மா?" என்றார். 'கதைசொல்லி' என்றால் சொன்னதெல்லாம் கற்பனை என்றாகிறது. 'நேர்காணப்படுபவர்' வேலை கேட்டு வந்தவர் மாதிரி இருக்கிறது. அமெரிக்க வாய்மொழி வரலாற்றுச் சங்கம் தன் நெறிமுறைகளில் 'நரேட்டர்' என்றே எழுதுகிறது, அதற்குக் காரணமும் உண்டு. தகவல் தந்தவர் என்றால் தந்ததோடு அவர் வேலை முடிந்தது. ஆனால் பதிவில் எதை வெளியிடலாம், எதைப் பூட்டி வைக்க வேண்டும் என்று அவரும் சொல்லலாம். அந்த உரிமை சொல்லில் தெரிய வேண்டும்.

மடல் 2

சகோதரி, நம்மிடம் பழஞ்சொல் இருக்க ஏன் தவிப்பு? 'இந்திரனே சாலுங் கரி' (குறள் 25). கரி என்றால் சாட்சி. எனவே 'கரியர்'. கண்டது மனத்தில் கருமையாய்ப் படிவதால் கரி என்பது என் துணிபு. நிற்க, 'வாய்மொழி வரலாறு' என்பதையே நான் ஏற்கவில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் 'பாட்டு உரை நூலே வாய்மொழி பிசியே' என்கிறது. அங்கே வாய்மொழிக்கு உரையாசிரியர்கள் கொண்ட பொருள் மந்திரம். உங்கள் பாட்டிமார் மந்திரமா சொல்கிறார்கள்?

மடல் 3

ஐயா, வாய்மொழியைப் பிறகு பார்க்கலாம், அந்த ரயில் போய் நாற்பது வருடம் ஆகிறது. 'கரியர்' என்று அச்சடித்தால் அந்த அம்மா தன் நிறத்தைச் சொல்கிறார்கள் என்றுதான் நினைப்பார்.

பொருளும் இடிக்கிறது. சாட்சி என்றால் நேரில் கண்டிருக்க வேண்டும். இவர்கள் சொல்வதில் பாதி, தங்கள் பாட்டியிடம் கேட்டது. கண்ட சாட்சி வாய் திறக்கும் என்பதும் நிச்சயம் இல்லை. குறுந்தொகை 25-இல் தலைவனும் தலைவியும் கூடியபோது கபிலரின் குருகு (நாரை) அங்கேயே நின்றது, ஆரல் மீனைத்தான் பார்த்தது. (இரண்டுமே 25. ஐயா இதற்கும் ஒரு துணிபு வைத்திருப்பார்.) என் பரிந்துரை 'கூற்றாளர்'. தலைவி கூற்று, தோழி கூற்று எல்லாம் பள்ளியில் படித்ததுதானே.

மடல் 4 (மடல் 1 எழுதியவர்)

எண்பது வயதுக்காரரிடம் 'கூற்று' என்று காகிதத்தை நீட்டினால், கூற்றுவனே வந்துவிட்டான் என்று எழுந்து போய்விடுவார். மன்னிக்கவும். பேசாமல் 'சொல்பவர்' என்றே போட்டுவிடட்டுமா?

மடல் 5

படிவத்துக்குச் சரி, காப்பகத்தில் பதிவுகளைப் பட்டியலிடும் அட்டவணைக்கு ஆகாது. 'சொல்பவர்' வினையாலணையும் பெயர், காலம் காட்டும். பதிவு காப்பகத்துக்குப் போய்ப் பத்து வருடம் கழித்துத் தேடுகிறவருக்கு அவர் 'சொன்னவர்'. சிலர் இருக்கவும் மாட்டார்கள். 'கூறுநர்' என்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் காலம் வெளிப்படையாகத் தெரியாது. புரியாது என்றும் சொல்ல முடியாது. கடிதம் எழுதப் பழகிய எல்லோருக்கும் 'அனுப்புநர், பெறுநர்' தெரியும்.

மடல் 6

கூறுனரா, கூறுநரா? நாளிதழ்களில் 'இயக்குனர்' என்று பார்க்கிறேனே.

மடல் 7 (மடல் 2 எழுதியவர்)

நாளிதழ்களைப் பார்த்து எழுத்து கற்கும் காலம் வந்துவிட்டது. 'நர்' விகுதி. பத்துப்பாட்டில் பொருநராற்றுப்படை இருக்கிறது, பொருனராற்றுப்படை இல்லை. கூறுநரை எதிர்க்க மாட்டேன், ஆனால் அதில் சாட்சியின் கனம் இல்லை. கரி என்பதே என் தனிக்கருத்து, பதிவு செய்யவும்.

மடல் 8 (மடல் 1 எழுதியவர்)

படிவம் போய்விட்டது. கடைசியில் அதில் அந்தச் சொல்லே இல்லை. 'நான் சொன்னவற்றில் இந்தப் பகுதியை என் காலத்துக்குப் பிறகே வெளியிடலாம்' என்று முழுவதையும் தன்மையில் எழுதிவிட்டேன். படித்துக் காட்டினால் அவர் பேசுவது போலவே இருக்கிறது. அட்டவணையின் தலைப்புக்கு மட்டும் சொல் வேண்டும். இப்போதைக்குக் கூறுநர். வேறு கருத்து இருந்தால் வெள்ளிக்குள் சொல்லுங்கள்.

மடல் 9

என் ஓட்டும் கூறுனருக்கே.

மடல் 10 (மடல் 2 எழுதியவர்)

நர்! நர்!