‘மின்னரிப்பு’ வேண்டாம், ‘மின்பெயர்ச்சி’ போதுமா?

அன்புள்ள ஐயா,

மாசுபட்ட மண்ணில் மின்முனைகளை நட்டு நஞ்சை வெளியேற்றும் முறைக்குத் தாங்கள் முன்வைத்த ‘மின்னரிப்பு’ என்ற தமிழ்ச்சொல் முதலில் என்னையும் மயக்கியது. பொற்கொல்லர் தெருச் சாக்கடை மண்ணை அரித்துப் பொன்துகள் எடுப்பவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஆனால் மண்ணரிப்பு என்றால் மழை மண்ணை அடித்துக்கொண்டு போவது. உலோக அரிப்பு வேறு. போதாததற்கு, இரும்பை நேர்மின்முனையாக வைத்தால் அது உண்மையிலேயே அரிக்கும். ஒரே பத்தியில் இத்தனை அரிப்பு வந்தால் மாணவர் தலையைச் சொறிவார்.

களிமண்ணைத் தண்ணீர் விட்டுக் கழுவ முடியாது. துளைகள் அவ்வளவு நுண்ணியவை. நேர்த்திசை மின்னோட்டம் செலுத்தினால் ஈயம், காட்மியம் முதலிய நேரயனிகள், அதாவது நேர்மின்னூட்டம் கொண்ட துகள்கள், எதிர்மின்முனைக்கு நகரும். ராணிப்பேட்டைக் கழிவால் நாம் அறிந்த அறுஇணைதிறக் குரோமியம் என்ற நச்சு வகையோ குரோமேட் எனும் எதிர்மின்னூட்ட அயனியாக இருப்பதால் நேர்மின்முனைக்குப் போகும். மின்சாரம் நஞ்சை இடம் மாற்றுகிறது, அவ்வளவுதான். முனையில் சேர்ந்ததை நாம்தான் இறைத்தெடுக்க வேண்டும். ஆகவே ‘மின்பெயர்ச்சி மண்மீட்பு’ என்பேன். பெயர்ச்சி என்றதும் சனியும் குருவும் நினைவுக்கு வந்தால் வரட்டும்.

மறுமொழி:

அம்மா, அரிப்பைக் கைவிட்டேன். ஆனால் பெயர்ச்சி முழுவதையும் தாங்காது. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்துப் பதூகாவில் 1990களில் களிமண்ணிலிருந்து டிரைகுளோரோஎத்திலீன் என்ற நச்சுக் கரைப்பானை நீக்க முயன்றார்கள். அதற்கு மின்னூட்டமே கிடையாது. மண்ணுக்குள் இருந்த நீர் நேர்மின்முனையிலிருந்து எதிர்மின்முனைக்கு ஊர்ந்தது. நஞ்சும் அதனோடு போனது. இடையில் இறக்கிய இரும்புத்தூள் அடுக்குகள் அதைச் சிதைத்தன. அந்த அடுக்குகளைப் பார்த்து ‘லசானியா’ என்று அடுக்கடுக்கான இத்தாலியச் சாப்பாட்டின் பெயரையே அந்த முறைக்கு வைத்துவிட்டார்கள்!

இந்த நீரோட்டத்துக்குப் பாடநூல் தரும் சொல் ‘மின்னாற் சவ்வூடு பரவல்’. களிமண்ணில் சவ்வு எங்கே இருக்கிறது? 1809இல் மாஸ்கோவில் ராய்ஸ் என்ற அறிவியலாளர் இந்த விளைவைக் கண்டதே களிமண்ணில்தான். ‘மின்னூறல்’ என்றால் கிணறு வெட்டுகிறவருக்கும் புரியும்.

அயனி நகர்வதற்கு மின்பெயர்ச்சி, நீர் நகர்வதற்கு மின்னூறல், இரண்டுக்கும் பொதுவாக ‘மின்னியக்க மண்மீட்பு’ என்று வைத்துக்கொள்ளலாமா? ‘மீட்பு’ என்ற தங்கள் சொல்லைத் தொடமாட்டேன். அடகில் போன நிலத்தையும் மீட்டோம் என்றுதானே சொல்கிறோம்.