2 அங்குலம் தூக்கிய வி-கிராஸ்: அடியில் அதிர்வு, பேலன்ஸ் செய்தும் போகல

ஓசூர்ரோடு
வண்டி இசுஸு வி-கிராஸ் பிக்கப், ஃபோர் பை ஃபோர், டபுள் கேப். முன்னால ஸ்ட்ரட் மேல ஸ்பேசர், பின்னால ஆக்ஸிலுக்கும் கமான் பட்டைக்கும் நடுவுல 2 அங்குல பிளாக். டயர் 265/65 ஆர்17. லிஃப்ட் போட்டதுல இருந்து ரெண்டு தொந்தரவு. செகண்ட் கியர்ல மிதிச்சு எடுத்தா 20–35ல சீட்டுக்கு அடியில உதறல். எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்துல 70–80ல தரை முழுக்க ரீங்காரம். ஸ்டீயரிங் ஆடல. வீல் பேலன்ஸ் 2 தடவை, பின் ஆக்ஸிலுக்குப் போற புரொப்பெல்லர் ஷாஃப்ட் பேலன்ஸ் 1 தடவை ஆச்சு, மாற்றமே இல்ல. இப்ப புது ஷாஃப்டே போடணுங்கறாங்க. போடலாமா?

கிராஸ்கப்
ஷாஃப்டுக்குக் காசு கொடுக்காதீங்க சார். பேலன்ஸிங் மெஷின்ல ஷாஃப்ட் நேராத்தான் சுத்தும். உங்க பிரச்சினை அது வண்டிக்கு அடியில மடங்கி சுத்தறப்ப வர்றது. அந்த மெஷினுக்கு அது தெரியவே தெரியாது.

கிராஸ் ஜாயிண்ட், அதாவது ஷாஃப்ட் மடங்கற மூட்டு, ஒரு கோணத்துல சுத்தும்போது, அந்தப் பக்கத்து வேகம் ஒவ்வொரு சுற்றுக்கும் ரெண்டு தடவை கூடிக் குறையும். 3 டிகிரியில இது 0.15 சதவீதத்துக்கும் கீழ. 10 டிகிரியில கூடுறது 1.5, குறையறது 1.5 சதவீதம். அடுத்த கிராஸ் அதே கோணத்துல, யோக்குகள் (கிராஸைப் பிடிக்கற கவட்டைகள்) ஒரே தளத்துல இருந்தா ஒண்ணை ஒண்ணு அடிச்சிடும். பின்பக்கத்தைத் தூக்கினதும் அந்தச் சமன் போயிடுது.

உறுதி பண்ணிக்க ஒரு வழி: 80ல உங்க டயர் நொடிக்கு சுமார் 9 சுற்று. பினியன் (ஷாஃப்ட் சுத்தற, பின் ஆக்ஸில் பல் சக்கரம்) விகிதம் 4னு வெச்சா ஷாஃப்ட் நொடிக்கு சுமார் 36.5 சுற்று, அதோட இரட்டிப்பு 73. ஃபோன்ல அதிர்வு அளக்கற செயலியைப் போட்டு, ஃபோனை சீட் ரயில்ல ஒட்டிப் பாருங்க. நொடிக்கு 9 அதிர்வு (9 ஹெர்ட்ஸ்) பக்கம் முள் எழும்பினா டயர். 36ன்னா ஷாஃப்ட் பேலன்ஸ், இல்லேன்னா ஃபிளாஞ்ச் (ஷாஃப்டைப் பூட்டற தட்டு) கோணல். 73ன்னா கிராஸ் கோணம். ரோடு காலியா இருக்கும்போது 80ல நியூட்ரல் தட்டியும் பாருங்க. ரீங்காரம் தொடர்ந்தா எஞ்சின் பக்கம் இல்ல.

பினியன்மூக்கு
மேலே சொன்னது சரி. அடுத்து கோணத்தை அளக்கணும். 0.1 டிகிரி காட்டும் டிஜிட்டல் கோணமானி போதும். வண்டி நாலு டயரிலும் நிற்கணும்: குழி, இல்லையென்றால் நாலு தூண் லிஃப்ட். சேஸிஸைப் பிடித்துத் தூக்கும் லிஃப்டில் ஆக்ஸில் தொங்கிவிடும், அளவு அத்தனையும் பொய். உங்க ஷாஃப்ட் ரெண்டு துண்டு. டிரான்ஸ்பர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) ஃபிளாஞ்ச், முன் ஷாஃப்ட் குழாய், பின் ஷாஃப்ட் குழாய், பினியன் ஃபிளாஞ்ச் ஆகிய நாலையும் எடுத்து, எந்தப் பக்கம் சரிவு என்பதையும் சேர்த்து எழுதுங்க. ரெண்டு துண்டையும் நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கின் ரப்பர் கிழிந்திருக்கா என்றும் பாருங்க.

ஓசூர்ரோடு
73 பக்கம்தான் எழும்புது. அளவு: டிரான்ஸ்பர் கேஸ் 4, முன் ஷாஃப்ட் 4.5, பின் ஷாஃப்ட் 9.5, பினியன் 2. நாலும் பின்பக்கம் சரிவு. ரப்பர் நல்லா இருக்கு. முன் ஷாஃப்ட் 600 மி.மீ., பின் ஷாஃப்ட் 900.

பினியன்மூக்கு
இதிலேயே விடை இருக்கு. முதல் கிராஸ் 0.5, நடு கிராஸ் 5, பினியன் கிராஸ் 7.5. கடைசி ரெண்டும் 1 டிகிரிக்குள் ஒத்துப்போகணும், ஒவ்வொன்றும் 3 டிகிரிக்கு அடங்கினால் நல்லது. அதற்காக எதையும் பூஜ்யம் ஆக்காதீங்க. அரை டிகிரியாவது இல்லாவிட்டால் கிராஸ் முனைக் கப்பில் ஊசி பேரிங் உருளாமல் ஒரே இடத்தில் குத்திக் குழி விழும்.

முதலில் சென்டர் பேரிங்கை 12 மி.மீ. இறக்குங்க. பிராக்கெட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரே தகடு, வாஷர் அடுக்க வேண்டாம். போல்ட் அதே கிரேடு, 12 மி.மீ. நீளம் கூடுதல். முன் ஷாஃப்ட் 5.6க்கு வரும், பின் ஷாஃப்ட் 8.7க்கு இறங்கும்.

அடுத்து பினியன் மூக்கை, அதாவது ஷாஃப்ட் பூட்டும் முன்முனையை, 3 டிகிரி மேலே தூக்கணும். இங்கேதான் பலர் கணக்கு விடுவது: மூக்கு ஆக்ஸிலிலிருந்து 300 மி.மீ. தள்ளி இருந்தால், 3 டிகிரிக்கு அதன் உயரமும் 16 மி.மீ. ஏறும், பின் ஷாஃப்ட் இன்னும் 1 டிகிரி படுக்கும். ஆக 7.7, பினியன் 5. மூன்று கிராஸும் முறையே 1.6, 2.1, 2.7 என்று நிற்கும். ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது பட்டை முறுகி மூக்கு இன்னும் கொஞ்சம் ஏறும், அதனால் கடைசி கிராஸ் கொஞ்சம் கூடுதலாக இருப்பதே நல்லது.

பிளாக் மேல் ஷிம் (ஆப்புத் தகடு) அடுக்காதீங்க. லேத் பட்டறையில் பிளாக்கையே சரிவாக மில்லிங் செய்யச் சொல்லுங்க: 130 மி.மீ. நீளம், முன் முனை 47, பின் முனை 54. பட்டை ஆக்ஸிலுக்கு மேலே இருக்கும் வண்டியில் தடித்த முனை பின்பக்கம் வரணும். திருப்பிப் போட்டால் மூக்கு கீழே குத்தும், அதிர்வு இரட்டிப்பாகும்.

கிராஸ்கப்
அந்த 20–35 உதறல் முழுசா போகாமலும் இருக்கலாம். பிளாக் உயரம் நெம்புகோல் மாதிரி பட்டையை முறுக்கும். அதுக்குத் தீர்வு பிளாக்கைத் தூக்கிட்டு வளைவு கூடின பட்டைக் கட்டு போடறதுதான். செலவு ஜாஸ்தி, ஆனா வேலை சுத்தம்.

ஷாஃப்டைக் கழட்டறதுக்கு முன்னாடி எல்லா ஃபிளாஞ்ச்லயும் ஸ்பிளைன்லயும் (பல் வெச்ச சொருகு மூட்டு) பெயிண்ட் கோடு போடுங்க. ஸ்பிளைன் ஒரு பல் தவறினாலும் யோக் தளம் மாறிடும், மேல போட்ட கணக்கு அத்தனையும் வீண். பட்டையை ஆக்ஸிலோட கட்டற யூ போல்ட் புதுசு போடுங்க, 100 கி.மீ. ஓடினதும் மறுபடி டார்க் ரெஞ்ச் வெச்சுப் பாருங்க.

கமான்பட்டை
முன் ஆக்ஸிலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டை யாராவது குறை சொன்னால் நம்ப வேண்டாம். முன் டிஃபரன்ஷியல் சேஸிஸோடு இருப்பது, ஸ்பேசர் போட்டாலும் அந்த ஷாஃப்ட் கோணம் மாறாது. மாறுவது சக்கரத்துக்குப் போகும் ஆக்ஸில் ஷாஃப்ட் மட்டும், அதன் ரப்பர் பூட்டை அடிக்கடி பாருங்க. பின் ஆக்ஸிலுக்குக் கம்பி வைத்த பிரேக் லோடு வால்வு உங்க வண்டியில் இருந்தால் அதன் பிராக்கெட்டையும் 2 அங்குலம் உயர்த்தணும். இல்லாவிட்டால் வண்டி எப்போதும் காலி என்று நினைத்து பின் பிரேக்கைக் குறைத்துவிடும். வண்டியில் மாற்றம் செய்வது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு தனிக்கதை.

ஓசூர்ரோடு
கிராஸ் பழசையே போடலாமா?

கிராஸ்கப்
கப்பைக் கழட்டி, கிராஸ் தண்டைத் துடைச்சிட்டு நகத்தால உரசுங்க. ஊசி பதிஞ்ச வரி நகத்துல தட்டினா, இல்லேன்னா கப்புக்குள்ள செந்துரு தூள் இருந்தா பெங்களூரு ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடையில புதுசு வாங்கிடுங்க. வழவழன்னு இருந்தா கிரீஸ் அடிச்சுப் போடுங்க.